பூவில்லாச் செடிகளைத் தேடி சுங்கை பூலோவுக்கு

கோலாலம்பூருக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சுங்கை பூலோ. நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் சற்றே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "பெரிய வியாதிக்காரர்கள் இருந்த ஊர்" என்பார்கள். பிள்ளைகளிடம் சொன்னால், "செடிக்கடை இருக்கிற இடம்தானே, சார்?" என்பார்கள். இரண்டும் உண்மை. வியாதிக்காரர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களே அந்தச் செடிக்கடைகளை உண்டாக்கினார்கள் என்பதை அறிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு.

சென்ற பள்ளி விடுமுறையில் அங்கே போய்வரும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் தோட்டத் தமிழ்ப் பள்ளியின் பின்புறத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று கிளை பரப்பி நிற்கிறது. அதன் அடியில் ரோஜா வைத்தோம்; கொம்பு கொம்பாக நீண்டு செத்தது. செம்பருத்தி வைத்தோம், இலை மட்டும் விட்டது. சாமந்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெயில் கேட்கும் செடியை நிழலில் வைத்தால் எப்படிப் பூக்கும்? லயத்து வீடுகளில் குடியிருக்கும் தாய்மார்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரிந்திருக்கும். முன்பக்கம் ஐந்தடி வாசல், அதிலும் எதிர் வரிசையின் கூரை நிழல். பின்பக்கம் குசினி, அதற்கப்பால் செம்பனை. காலை ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தால் உண்டு.

"நிழல் இருக்கிறதே என்று ஏன் கவலைப்படுகிறீர்கள்? நிழலுக்கென்றே பிறந்த செடிகள் இருக்கின்றன" என்று யோசனை சொன்னவர் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளர். சொன்னதோடு நிற்காமல் சங்கத்திலிருந்து 150 வெள்ளியும், தம்முடைய வேனையும் கொடுத்தார். ஆசிரியர்கள் இருவர், பொருளாளர், அவர் மனைவி, தோட்டக்கலைக் கழகத்து மாணவர்கள் நால்வர், ஆக எட்டுப் பேர் விடியற்காலையில் புறப்பட்டோம்.

பெரிய சாலையிலிருந்து ஆஸ்பத்திரிச் சாலைக்குத் திரும்பியதுமே இரு மருங்கிலும் செடிகள் தொடங்கிவிடுகின்றன. வாசலில் வெயில் தாங்கும் காகிதப்பூவும் ரோஜாவும், ரம்புத்தான், மா, டுரியான் கன்றுகளும் வரிசையாக நிற்கும். சாலையில் போகிறவர்களைக் கூப்பிடுவதற்காக வைத்தவை அவை. நாங்கள் தேடிப் போனவை உள்ளே, கறுப்பு வலைப் பந்தலின் அடியில் இருந்தன. வெளியே கொளுத்துகிற வெயிலிலிருந்து பந்தலுக்குள் காலை வைத்தால் முதலில் கண் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக நிறங்கள் தெரிய ஆரம்பித்தன. ஊதா, குங்குமச் சிவப்பு, வெள்ளி பூசியது போன்ற சாம்பல், மஞ்சள் தெளித்த பச்சை. ஒரு பூ கிடையாது. அத்தனையும் இலைகள்!

நாங்கள் நுழைந்த கடை சிறியது. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து தண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் எங்களுக்குள் பேசியதைக் கேட்டதும், "வாங்க, வாங்க. எந்தத் தோட்டம்?" என்று தமிழில் கேட்டார். பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவராம். 11 வயதில், 1958இல், இங்கே கொண்டுவரப்பட்டவர். கை விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. ஆனாலும் அந்தக் கையில் கத்தி நின்ற விதத்தைப் பார்க்க வேண்டுமே! கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே பிடித்து, ஒரே இழுப்பில் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டினார்.

அவர் வெட்டிக்கொண்டிருந்தது கோலியஸ். மலாய்க்காரர்கள் 'ஆத்தி-ஆத்தி' என்பார்கள். நம் வீட்டுத் துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் உறவுக்காரச் செடி. தண்டைத் தொட்டுப் பாருங்கள், துளசியைப் போலவே நான்கு பட்டை இருக்கும். இந்தத் தென்கிழக்காசிய மண்தான் அதற்குப் பூர்வீகம். குளிர் நாடுகளில் பனி விழுந்ததும் செத்துப்போவதால் அங்கே ஆண்டுதோறும் புதிதாக நடுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் தண்டு முற்றி மரமாகிவிட்டால் அழகு குறைந்துவிடும். அப்போது நுனியைக் கிள்ளி வேறு சட்டியில் வைத்துவிட வேண்டும்.

"நாலு விரல் நீளம் வெட்டுங்க. கீழ் இலைய எடுத்துடுங்க. ஒரு கிளாஸ் தண்ணியில போட்டு ஜன்னல் ஓரம் வைங்க. ஒரு வாரத்தில வேர் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இதவிட நல்ல பாடம் கிடையாது, வாத்தியாரே" என்றார். பூத்தண்டு தலை தூக்கினால் உடனே கிள்ளிவிட வேண்டுமாம். பூவுக்குச் சத்து போனால் இலை சிறுத்துப் போகும். அதே போல், முழு இருட்டில் வைத்தாலும் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். காலை இளவெயில் கொஞ்சம் பட்டால் நிறம் கூடும்.

அடுத்தது கெலாடி. நாம் சமைக்கும் சேம்பின் உறவு. ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த இனம். நெஞ்சு வடிவத்தில் இலை. வெள்ளை இலையில் பச்சை நரம்பு, பச்சை இலையில் ரத்தத் துளி தெளித்தது போன்ற புள்ளி, முழுச் சிவப்பு என்று எத்தனையோ வகைகள். 2020இல் கொரோனாவுக்காக நாடே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தபோது, இந்தக் கெலாடிக்கு வந்த கிராக்கியைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சாலையோரத்தில் முளைத்துக் கிடந்ததையெல்லாம் விலை பேசினார்கள். இப்போது அந்த ஆட்டம் அடங்கி, நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்திருக்கிறது. சாதாரண வகை ஒரு சட்டி 5 வெள்ளிக்கே வாங்கினோம்.

கெலாடி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது கிழங்குச் செடி. நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் இலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, முழுச் செடியும் மறைந்துவிடும். செத்துவிட்டது என்று எண்ணிச் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். அது உறங்கப் போயிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரைக் குறைத்து, மழை படாத இடத்தில் சட்டியை ஒதுக்கி வைத்தால், சில வாரங்கள் கழித்துத் தானே தளிர்விடும். கிழங்கைத் தோண்டியெடுத்து, கண் இருக்கும் துண்டுகளாக வெட்டி, வெட்டிய வாயில் அடுப்புக் கரித்தூளைத் தடவி, ஒரு நாள் காயவிட்டு நட்டால் ஒன்று நான்காகும்.

மாணவன் ஒருவன் ஆர்வத்தோடு ஒரு தண்டைக் கிள்ளப் போனான். பெரியவர் சட்டென்று தடுத்தார். "தம்பி, அந்தப் பால் பட்டா கை அரிக்கும். எனக்கு அரிக்காது, உனக்கு அரிக்கும்." அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அவருடைய கைகளில் உணர்ச்சி இல்லை. கத்தி பட்டாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. அதனால் தினமும் மாலையில் கை கால் கழுவி, விளக்கடியில் உட்கார்ந்து, எங்காவது காயம் இருக்கிறதா என்று கண்ணால் தேடிப் பார்ப்பாராம். அறுபது ஆண்டுக்கு மேலாக ஒரு நாள் தவறியதில்லை என்றார்.

அவர் சொன்ன எச்சரிக்கையைத் தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கெலாடி, அக்ளோனிமா, டிஃபன்பாக்கியா மூன்றின் சாற்றிலும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. தவழும் குழந்தை இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். உடனே வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரால் கழுவி, கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இவற்றை உயரத்தில் வைப்பதே நல்லது. கோலியஸுக்கு இப்படிப்பட்ட படிகச் சாறு இல்லை.

அக்ளோனிமா என்றேன் அல்லவா? அதுவும் நம் பக்கத்துக் காட்டுச் செடிதான். முன்பெல்லாம் பச்சையும் வெள்ளியுமாகத்தான் இருக்கும். ஆபீஸ் மூலைகளில் பார்த்திருப்பீர்கள். இந்தோனேசியாவின் தாவரவியலாளர் கிரெகோரி ஹம்பாலி என்பவர், சுமத்ராக் காட்டில் இருந்த சிவப்புச் சாயல் கொண்ட ஓர் இனத்தை மற்றொன்றோடு கலந்து, 1980களில் 'பிரைட் ஆஃப் சுமத்ரா' என்ற சிவப்பு வகையை உண்டாக்கினார். அதற்குப் பிறகு வந்த சிவப்பு வகைகளைச் செடிக்கு இவ்வளவு என்று விற்காமல், இலைக்கு இவ்வளவு என்று எண்ணி விற்ற காலமும் உண்டு! இன்று அவையும் மலிந்துவிட்டன. என் அனுபவத்தில், சோம்பேறிகளுக்கு ஏற்ற செடி இது. மெதுவாக வளரும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் மன்னிக்கும். தினம் ஊற்றினால்தான் வேர் அழுகிச் சாகும். பச்சை வகை எந்த மூலையிலும் கிடக்கும். சிவப்பு வகைக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூடுதலாக வேண்டும்.

கலாத்தியாவும் மராந்தாவும் மயில் தோகை போலக் கோடு போட்டவை. மராந்தாவின் இலைகள் இரவில் கை கூப்புவது போல் மேல்நோக்கி மடங்கும். மாணவிகளுக்கு அதை விட்டுவர மனமில்லை. ஆனால் குழாய்த் தண்ணீரிலுள்ள மருந்து அவற்றுக்கு ஆகாது. இலை நுனி தீய்ந்தாற்போல் காயும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். எங்களைப் போல் தகரக் கூரையும் வாளியும் உள்ளவர்களுக்கு அது ஒரு பெரிய காரியமா?

பிகோனியாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கே அகன்ற இலை பிகோனியாவைப் பார்த்து மயங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவருகிறார்கள். மலைக் குளிரில் மினுமினுக்கும் அந்தச் செடி நம் தோட்டத்து வெக்கையில் பெரும்பாலும் தாங்குவதில்லை. பெரியவரும் அதையே சொன்னார். "விக்கிறவன் நானே சொல்றேன், அத வாங்காதீங்க" என்று சிரித்தார். கீழ்நாட்டுக்குப் பழகிய, கரும்பு போல் கணு வைத்த நெடிய பிகோனியா வகை உண்டு. வேண்டுமானால் அதை வாங்கலாம்.

செடிகளைப் பிள்ளைகள் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடத்தின் கதையை அவர் வாயால் கேட்க விரும்பினேன்.

1926இல் மலாய்க் கூட்டரசில் ஒரு சட்டம் வந்தது. தொழுநோய் கண்டவர்களைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்கு முன் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் நோயாளிகளை அடைத்து வைத்திருந்த இடம் பார்க்கச் சகியாதது என்பார்கள். டாக்டர் டிராவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், இவர்களும் மனிதர்களாக வாழ ஓர் இடம் வேண்டும் என்று முயன்றதன் பயனாக, 1930இல் சுங்கை பூலோப் பள்ளத்தாக்கில் 500 ஏக்கருக்கும் மேற்பட்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் மண். 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்ற பெயரும் ஏற்பட்டது. கோவில், மசூதி, தேவாலயம், சந்தை எல்லாம் உள்ளேயே. பள்ளிக்கூடமும் உண்டு, நோயாளிகளே அங்கே ஆசிரியர்களாகவும் இருந்தார்கள். நோயாளி தொட்ட பணம் வெளியே போகக் கூடாது என்று 1936இல் தனி நோட்டே அச்சடித்தார்கள் என்றால் அந்த நாளின் பயத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் 2,000 பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். ஆரம்பத்தில் மருந்து என்று இருந்தது நீரடிமுத்து இனத்து எண்ணெய்தான். அதை ஊசியில் ஏற்றுவார்கள். வலி உயிர் போகும், பலன் கொஞ்சம். 1940களின் இறுதியில் சல்ஃபோன் மாத்திரை வந்த பிறகே நோய் கட்டுக்குள் வந்தது. ஆனால் குணமானவர்கள் வீட்டுக்குப் போக முடிந்ததா? பலரால் முடியவில்லை. ஊரில் அவர்களுக்கு வீடு இல்லை. அங்கேயே ஒருவரையொருவர் மணந்துகொண்டார்கள். பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் விடவில்லை. குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். எத்தனையோ பிள்ளைகள் தத்துக் கொடுக்கப்பட்டார்கள்.

பிழைப்புக்கு என்ன செய்வது? கொஞ்சம் மண் இருந்தது, நேரம் இருந்தது. செடி வளர்த்தார்கள். வெளியார் முதலில் சாலையோடு நின்று வாங்கினார்களாம். காசைக் கையில் கொடுக்கப் பயந்து பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போவார்களாம். "காச வைப்பாங்க, செடியக் கையில வாங்கிட்டுப் போவாங்க. செடியத் தொட்டது இந்தக் கைதானே?" என்று பெரியவர் கேட்டபோது, எங்கள் பொருளாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதும்போது எங்கள் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தந்தையைப் பெற்ற பாட்டிக்கு ஒரு தங்கை இருந்தார். 1953இல் தோட்டத்து டிரசர் அவர் முதுகில் ஒரு வெளுத்த தேமலைக் கண்டுபிடித்தார். மறுவாரம் வண்டி வந்தது. அப்போது அவருக்கு இரண்டு வயதில் ஓர் ஆண் குழந்தை. அந்தக் குழந்தையைப் பாட்டியே வளர்த்தார். அவரை நாங்கள் சித்தப்பா என்று அழைக்கிறோம். அந்தத் தங்கையின் பெயரை வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. பாட்டி கண்ணை மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னிடம் சொன்னார்.

பெயரைச் சொல்லிப் பெரியவரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். "தெரியலையே, வாத்தியாரே. உள்ள வந்ததும் நிறையப் பேரு பேர மாத்திக்கிட்டாங்க. குடும்பத்துக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு. நானும் மாத்திக்கிட்டவன்தான்" என்றார். அதற்கு மேல் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. தமிழ்ப் பெண்கள் அந்தக் காலத்தில் இருந்த வீடுகள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையைக் காட்டினார். அந்தப் பக்கத்தில் இப்போது அந்த வீடுகள் இல்லை. குடியிருப்பின் ஒரு பெரும் பகுதி 2007இல் பல்கலைக்கழக மருத்துவ வளாகம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது.

எஞ்சியிருக்கும் பழைய குடியிருப்பாளர்கள் சிலரே, எல்லாரும் முதியவர்கள். பல கடைகளை இப்போது பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்தவர்களும் நடத்துகிறார்கள். நிலம் அரசாங்கத்துடையது. பெரியவருடைய கடையில் ஒரு செடிகூடத் தரையில் நடப்படவில்லை என்பதைக் கவனித்தேன். காரணம் கேட்டேன். "எல்லாம் சட்டியிலதான். எழும்பச் சொன்னா தூக்கிட்டுப் போகலாம் இல்ல?" என்றார். மூன்று தலைமுறை உழைத்த தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்ன நாளில், நட்ட முருங்கையையும் கறிவேப்பிலையையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே லாரியில் ஏறியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தேமல் பற்றி ஒரு வார்த்தை. தொழுநோய் நம் நாட்டிலிருந்து அடியோடு போய்விடவில்லை; இன்றும் ஆண்டுதோறும் புதியவர்களிடம் கண்டுபிடிக்கிறார்கள். உடம்பில் வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல் தோன்றி, அந்த இடத்தில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால், மறைக்காமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை நோயின் வகைக்கேற்ப 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் முழுக் குணம் கிடைக்கும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். பரம்பரை வியாதி அன்று. மனிதர்களில் பெரும்பாலோருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. காலம் தாழ்த்தினால்தான் நரம்பு கெட்டு விரல் மடங்கும். இன்று யாரையும் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போவதில்லை.

இனி, வாங்கி வந்த செடிகளின் விஷயத்துக்கு வருவோம்.

முதலில் நிழல் எப்படிப்பட்ட நிழல் என்று பாருங்கள். செடி வைக்க நினைக்கும் இடத்தில் நடுப்பகலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் கத்தி வெட்டியது போல் விளிம்போடு விழுந்தால் வெளிச்சம் மிக அதிகம். மங்கலாக, ஆனால் கை என்று தெரியும்படி விழுந்தால் நம் செடிகளுக்கு ஏற்ற இடம். நிழலே விழாவிட்டால் எந்த நிறச் செடியும் அங்கே வெளுத்துப்போகும். குரோட்டன்ஸ் வேண்டும் என்பவர்கள் அதை வெயிலில் வையுங்கள். நிழலில் அது வெறும் பச்சையாகிவிடும். எங்கள் தலைமையாசிரியர் இதை இன்னும் நம்ப மறுக்கிறார்.

ரப்பர் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஆண்டின் முதல் மாதங்களில் மரங்கள் இலை உதிர்க்கும்போது நிழல் முழுவதும் போய்விடும். பத்து மாதம் நிழலில் இருந்த செடி பத்தே நாளில் தீய்ந்துவிடும். அந்தச் சமயத்தில் சட்டிகளைச் சுவரோரம் நகர்த்திக்கொள்ளுங்கள். செம்பனைத் தோட்டத்தில் இந்தத் தொல்லை கிடையாது.

மண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டாம். மரத்தடியில் மக்கிக் கிடக்கும் இலைத்தூள் இரண்டு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. எரித்த உமி கிடைத்தால் அதிலும் ஒரு கை. மாட்டுச்சாணம் போடுவதாக இருந்தால் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும். களைக்கொல்லி தெளிக்கும் ஓரங்களிலிருந்து மண் எடுக்காதீர்கள். மருந்து வந்த தோம்பையும் போத்தலையும் எத்தனை முறை கழுவினாலும் சட்டியாக்காதீர்கள். மைலோ டின், சாய டின், உடைந்த வாளி, எதுவும் சட்டியாகும். அடியில் நான்கைந்து ஓட்டை போட மறக்கக் கூடாது.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். முதல் கணு வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம். சட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறவர்கள் அதில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டை பொரித்துப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். நிழலும் ஈரமும் அதற்கு மிகவும் பிடிக்கும். சனிக்கிழமைதோறும் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவும் வேலையை எங்கள் நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்திருக்கிறோம். இலையடியில் பஞ்சு போல் வெள்ளைப் பூச்சி ஒட்டினால், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போகும். நத்தையை இரவில் டார்ச்லைட் அடித்துப் பொறுக்குவதுதான் வழி.

காசு கொடுக்காமல் கிடைக்கும் நிறச் செடி ஒன்றும் நம் பக்கத்திலேயே உண்டு. ஓடையோரத்திலும் காட்டு விளிம்பிலும் பெரணி போல் படர்ந்து, நிழலில் நீலமாக மின்னுமே, பார்த்திருக்கிறீர்களா? மலாய்க்காரர்கள் 'பாக்கு மெராக்', மயில் பெரணி என்பார்கள். அதைப் பறித்துக் கசக்கினால் நீலச் சாயம் வராது. நீலம் என்ற பொருளே அதில் கிடையாது! சோப்பு நுரையில் வானவில் தெரிவது போல, இலையின் மேல்தோலிலுள்ள மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் அந்த நீலம் தெரிகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் லீ, லோரி என்ற இருவர் இதை ஆராய்ந்து 1975இல் வெளியிட்டார்கள். வெயிலில் வளர்ந்தால் அது பச்சையாகவே இருக்கும். கேமரன் மலைக் காட்டில் இருக்கும் மயில் பிகோனியாவின் நீலமும் இத்தகையதே. மங்கிய வெளிச்சத்தை வீணாக்காமல் பயன்படுத்த இந்த அமைப்பு செடிக்கு உதவுகிறது என்று 2016இல் பிரிட்டன் விஞ்ஞானிகள் கண்டார்கள். நம் பெரணியைச் சிறு துண்டாக எடுத்து ஈர மண்ணில் படர விட்டால் போதும். எங்கள் ஓடையில் எடுத்த துண்டு பள்ளியின் பின்சுவர் ஓரத்தில் இப்போது ஒரு பாய் அளவுக்குப் பரவியிருக்கிறது. வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் அதைப் பார்க்க நழுவுகிறார்கள் என்ற புகாரும் வந்தாயிற்று.

சிவப்புக் கெலாடி ஒன்றைச் சித்தப்பாவுக்கு என்று தனியாக வாங்கியிருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது, "எங்கேப்பா வாங்கினே?" என்றார். சுங்கை பூலோவில் என்றேன். சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அங்கே வெயில் அதிகமோ?" என்று கேட்டார். இல்லை சித்தப்பா, பந்தல் போட்டிருக்கிறார்கள், நல்ல நிழல் என்றேன். சட்டியை உள்ளே, சாமி படத்துக்கு எதிரே இருக்கும் ஜன்னலில் வைத்தார். அடுத்த முறை போகும்போது தன்னையும் அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரயிலில் போனால் சுங்கை பூலோ நிலையத்தில் இறங்கி டாக்சி பிடிக்கலாம். ஆனால் செடி வாங்கிவர வேன்தான் வசதி. நான்கு குடும்பம் சேர்ந்து போனால் எண்ணெய்க் காசு குறையும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். அட்டைப் பெட்டியும் பழைய பத்திரிகையும் கொண்டுபோனால் செடி சாயாமல் வரும். வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பார்த்துப் பூச்சி இல்லாததாக எடுங்கள். பெரிய சட்டியை விடச் சின்னச் சட்டியே மேல். விலையும் குறைவு, புது இடத்துக்குச் சீக்கிரம் பழகும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மண் மாற்றாமல் ஒரு வாரம் அப்படியே நிழலில் விடுங்கள். விலையைக் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் வயதானவர்கள் வைத்திருக்கும் சின்னக் கடைகளில் நாங்கள் பேரம் பேசவில்லை. காசைக் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.